அடங்காத இரத்த அழுத்தம்: மருந்தைத் தேர்வது எவ்வாறு?

அங்கத்தினர் கல்விப் பாடம்

நூல் விலையையும் விதை நெல்லையும் கடன் தவணையையும் பற்றி வழக்கமாகப் பேசும் இப்பகுதியில் இம்மாதம் ஒரு நோயைப் பற்றி எழுதுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்து உழவர் குடும்பங்களிலும் நெசவுக் குடும்பங்களிலும், நிலத்தையோ தறியையோ ஒருவர் கவனித்துக்கொள்ள, மற்றொருவர் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய இடங்களுக்கு வேலைக்குச் சென்று வருவது இன்று வழக்கமாகிவிட்டது. துறைமுகத்திலும், மோட்டார்த் தொழிற்சாலையிலும், சரக்குக் கிடங்கிலும், காசிமேட்டு மீன்பிடித் துறையிலும் ஈட்டும் கூலியே பல வீடுகளில் சங்கத் தவணையைக் கட்டுகிறது. அவ்வாறு உழைப்பவர் ஒரு நாள் பக்கவாதத்தால் விழுந்துவிட்டால், தறியும் நிற்கும், தவணையும் நிற்கும், பிள்ளையின் படிப்பும் நிற்கும்.

திருவொற்றியூருக்கும் நெசவுக்கும் உள்ள உறவு புதிதன்று. அங்குள்ள காலடிப்பேட்டை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊர். அவர் பெயரால் வழங்கிய காலெட் பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. தறிக்குழியில் அமர்ந்தவரின் வழியில் வந்தோர் இன்று இயந்திரத்தின் முன் நிற்கின்றனர். வேலை மாறினும், இரத்தக் கொதிப்பு எனப் பொதுவாக வழங்கும் உயர் இரத்த அழுத்தம் இரு சாராரையும் ஒன்றுபோலவே பற்றுகிறது.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. நோயுள்ளோரில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் நூற்றுக்கு ஏழு பேரே. எஞ்சியோரில் ஒரு பகுதியினருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. மற்றொரு பகுதியினரோ மாத்திரை உட்கொண்டு வந்தும் அழுத்தம் அடங்கப்பெறாதவர். இப்பாடம் அப்பிற்பகுதியினரைப் பற்றியது. உட்கொள்ளும் மருந்துக்கு அழுத்தம் அடங்கவில்லையெனில் அடுத்துச் செய்ய வேண்டுவது யாது? அதே மருந்தை ஏற்றுவதா? வேறொன்றாக மாற்றுவதா? மற்றொன்றைச் சேர்ப்பதா?

விளக்கத்தின் பொருட்டு ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். அவருக்கு வயது 52. திருவொற்றியூரில் குடியிருந்து, எண்ணூரில் ஒரு சரக்குக் கிடங்கில் முறைமாற்று வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை உட்கொள்கிறார். சென்ற மூன்று மாதங்களில் அவருடைய அழுத்தம் 164/100, 160/98, 166/102 எனக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "உப்பைக் குறையுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற சொல்லோடு வீடு திரும்பினார். உடம்பில் வலியில்லை, தலைசுற்றலில்லை, வேலையும் நடக்கிறது. ஆகவே அவரும் கவலைப்படவில்லை. இந்நோயின் வஞ்சகம் அதிலேதான் உள்ளது. வலி தராமலே மூளையின் நுண்ணிய குழாய்களையும், இருதயத்தையும், சிறுநீரகத்தையும், கண்ணின் விழித்திரையையும் அது நாள்தோறும் தேய்க்கிறது.

1. எந்த எண்ணை அடக்கம் என்பது?

இரத்த அழுத்தம் இரண்டு எண்களால் குறிக்கப்படும். மேலெண் இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம். கீழெண் இருதயம் தளர்ந்து நிறையும்போது உள்ள அழுத்தம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியின்படி, 140/90க்குக் கீழ் கொண்டுவருவது பொதுவான இலக்கு. இருதய நோய் உள்ளவர்க்கு மேலெண் 130க்குக் கீழ் இருத்தல் வேண்டும். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்க்கும் அவ்விலக்கையே மருத்துவர் கொள்ளலாம். வீட்டில் ஓய்வாக அமர்ந்து எடுக்கும் அளவு சற்றுக் குறைவாகவே இருக்குமாதலால், அங்கு 135/85 என்பதே மேல் வரம்பு.

ஒரே நாளின் ஓர் அளவைக்கொண்டு அடங்கிற்று என்றோ அடங்கவில்லை என்றோ முடிவு கட்டலாகாது. வெவ்வேறு நாட்களில் முறையாக எடுத்த அளவுகள் திரும்பத் திரும்ப வரம்பைக் கடந்தால், அதுவே அடங்காத அழுத்தம்.

2. மருந்தைக் குறை கூறுமுன்

துணியில் இழை விட்டுப்போயிருந்தால் நெசவாளர் தறியை மாற்றுவதில்லை. முதலில் பாவைப் பார்ப்பார். பின்பு ஊடையைப் பார்ப்பார். அதன் பின்னரே தறியைச் சந்தேகிப்பார். இங்கும் அவ்வாறே ஐந்து செய்திகளை முறையாகச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, அளவு சரியாக எடுக்கப்பட்டதா என்பது. அளவெடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீரும் காப்பியும் புகையிலையும் கூடா. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிஷம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை இருதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பருத்த கையைச் சிறிய பட்டையால் சுற்றினால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். இரவு வேலை முடிந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து, வரிசையில் நின்றபடியே காட்டிய அளவு மெய்யளவாகாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி காண்பது நலம்.

இரண்டாவது, மாத்திரை நாள்தோறும் உள்ளே செல்கிறதா என்பது. அழுத்தம் அடங்காமைக்குப் பெருங்காரணம் இதுவே. "எண் சரியாகிவிட்டது, இனி எதற்கு?" என நிறுத்துவோர் பலர். எண் சரியானது மாத்திரையினால். நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். முறைமாற்று வேலை பார்ப்போர்க்கு வேளை தப்பிவிடுவது மற்றொரு தொல்லை. பிரிட்டனில் 21,104 பேரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாத்திரையைக் காலையில் உண்டவர்க்கும் மாலையில் உண்டவர்க்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே தமக்கு மறவாத வேளை எதுவோ அதனையே நிலையாகக் கொள்ளலாம். மாத்திரை உண்ணாத நாட்களை மருத்துவரிடம் மறைப்பது தீது. மறைத்தால், தேவையில்லாத மருந்தை அவர் மேன்மேலும் சேர்க்க நேரும்.

மூன்றாவது உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டியளவுக்குள், உப்பு போதுமானது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் இவ்வட்டாரத்தின் அன்றாட உணவு. கஞ்சிக்குக் கருவாடு தொட்டுக்கொள்பவர் தனியே உப்பிடாவிட்டாலும் வரம்பைக் கடந்துவிடுவார். உப்பு மிகுந்த உடலில் பல மருந்துகளின் வலிமை குன்றும்.

நான்காவது, அழுத்தத்தை ஏற்றும் பிற மருந்துகள். மூட்டை தூக்கியும் கம்பி வளைத்தும் உழைப்போர் உடல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள், ஸ்டீராய்டுகள், கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றக்கூடும். இருமலுக்கென நாள்தோறும் அதிமதுரம் மெல்லுவதும் அத்தகையதே.

ஐந்தாவது, மதுவும் உறக்கமும். மிகுதியாக மது அருந்துவோர்க்கு மருந்து பிடிப்பதில்லை. உரத்த குறட்டையுடன் இடையிடையே மூச்சு நின்று நின்று உறங்குவோர்க்கும் அழுத்தம் அடங்குவது அரிது.

இவ்வைந்தையும் சோதிக்க வேண்டுமென்பதைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காக்கலாகாது. நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு நேர்ந்தது அதுவே. மூன்று தடவையும் உப்பைப் பற்றிப் பேசினார்கள். மருந்தைப் பற்றி ஒருவரும் முடிவு செய்யவில்லை. 160க்கு மேற்பட்ட எண் மாதக்கணக்கில் நிலைத்திருக்கையில், சோதனையும் மருந்து மாற்றமும் ஒரே சந்திப்பில் நடைபெற வேண்டும்.

3. இரட்டிப்பதா, சேர்ப்பதா?

இனி மருந்துக்கு வருவோம். பொதுமக்களின் எண்ணம், "ஐந்து போதவில்லையானால் பத்து" என்பது. ஆனால் ஒரு மருந்தின் பயன் அதன் அளவோடு நேர் விகிதத்தில் வளர்வதில்லை. முதல் சிற்றளவிலேயே பயனின் பெரும்பகுதி கிட்டிவிடுகிறது. அளவை இரட்டித்தால் பயன் சிறிதே கூடும். பக்கவிளைவோ பெரும்பாலும் அளவோடு கூடவே வளரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான கணிப்பு ஒன்று, ஒரே மருந்தை இரட்டிப்பதைக் காட்டிலும் வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகுதியாக அழுத்தத்தைக் குறைக்கிறது எனக் காட்டிற்று.

இதன் காரணம் எளிது. இரத்த அழுத்தம் மூன்று வழிகளில் ஏறுகிறது: குழாய்ச் சுவர் இறுகுதல், உப்பும் நீரும் தேங்குதல், சிறுநீரகத்திலிருந்து தொடங்கும் இயக்குநீர்த் தொடர் ஒன்று குழாய்களைச் சுருக்குதல். ஒரு வழியை மட்டும் அடைத்தால் உடல் மற்ற வழிகளைத் திறந்துகொள்ளும். வரப்பில் ஓர் உடைப்பை மட்டும் எவ்வளவு கெட்டியாக அடைத்தாலும், பக்கத்து உடைப்பின் வழியே நீர் வடிவதை உழவர் அறிவர். இரண்டு உடைப்புகளையும் அளவாக அடைப்பதே அறிவுடைமை. ஒருவரே பெருந்தொகை போடுவதைவிடப் பலர் சிறு பங்கு போட்டு மூலதனம் சேர்ப்பது நம் சங்கத்தின் நெறி. மருந்திலும் அதே நெறி பயன்படுவதைக் காண்கின்றோம்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தியின் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கில மருத்துவ ஏடொன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1952இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கான பல மருத்துவமனைகள் ஒன்றுகூடி ஓர் ஆய்வை நடத்தின. அவ்வாய்வின் பெயரிலேயே கூட்டுறவு என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. நீர்ப்போக்கி மருந்து, ரெசர்பின், குழாயைத் தளர்த்தும் ஹைட்ரலசீன் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு சாராருக்கும், மருந்தற்ற வெற்று மாத்திரையை மற்றொரு சாராருக்கும் கொடுத்தனர். கீழெண் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரைப் பற்றிய முடிவு 1967இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டவருள் 27 பேருக்குப் பெருங்கேடு நேர்ந்தது. மருந்து உண்டவருள் இருவருக்கே நேர்ந்தது. அழுத்தத்தை மருந்தால் அடக்கினால் உயிர் காக்கப்படும் என்பதை ஐயமின்றி நாட்டிய அந்த முதற்பெருஞ்சோதனையே கூட்டு மருந்தால் நடந்ததாகும். மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகளால் ரெசர்பின் பின்னர் முதல் வரிசையிலிருந்து நீங்கிற்று. ஆதலால் சர்ப்பகந்தி வேரை இன்று தாமே வாங்கி உண்பது தகாது.

அண்மையில் நம் நாட்டிலேயே நடந்த சோதனையும் இதனை வலியுறுத்துகிறது. இந்தியாவின் 32 மருத்துவமனைகளில் 1,981 நோயாளருக்கு, இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்து மூன்று விதமான இணைகளில் கொடுத்துப் பார்த்தனர். 2025இல் வெளியான முடிவின்படி மூன்று இணைகளும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தந்தன. ஆறு மாதத்தில் நூற்றுக்கு எழுபது பேர் அளவில் 140/90க்குக் கீழ் வந்தனர். எந்த இணை என்பதைவிட, இணையாகக் கொடுப்பதும் விடாமல் உண்பதுமே முதன்மையானவை என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

4. மூன்று வகை மருந்துகள்

முதல் வகை, குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்துக் குழாயைத் தளர்த்துவது. அம்லோடிபின் இவ்வகையைச் சேர்ந்தது. இதனால் கணுக்காலில் வீக்கம் காணலாம். அளவு கூடினால் வீக்கமும் கூடும். நின்றுகொண்டே வேலை செய்வோர் இதனைச் சிறுநீரகக் கோளாறு என எண்ணி அஞ்சி, மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும். இரண்டாம் வகை மருந்தைச் சேர்த்தால் இவ்வீக்கம் குறைவதும் உண்டு.

இரண்டாம் வகை, சிறுநீரகத்தில் தொடங்கும் இயக்குநீர்த் தொடரைத் தடுப்பது. எனலாப்ரில் ஒரு பிரிவு. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் மற்றொரு பிரிவு. நீரிழிவோடு சிறுநீரில் புரதம் கழிவோர்க்கு இவ்வகை சிறப்பாக உதவும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அவர்க்கு டெல்மிசார்ட்டன் தக்கது. இவ்விரு பிரிவுகளையும் ஒருசேரக் கொடுத்தல் கூடாது. பயன் கூடாமல் சிறுநீரகக் கேடே கூடுவதை 2008இல் வெளியான பேராய்வு காட்டிற்று. கருவுற்ற பெண்களும் கருவுறக் கருதுவோரும் இவ்வகையை உண்ணவே கூடாது. சிசுவுக்குக் கேடு விளையும்.

மூன்றாம் வகை, உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் நீர்ப்போக்கிகள். குளோர்தாலிடோன், இண்டபமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை இவ்வகையின. விலை மலிவு, பயன் பெரிது. ஆயினும் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் ஆகியவை குறையக்கூடும்; யூரிக் அமிலம் ஏறிக் கீல்வாதம் உண்டாகலாம். உலைக்கு அருகிலும் சித்திரை வெயிலிலும் வியர்வை கொட்ட உழைப்போர்க்கு அளவைக் கவனித்துக் கொடுக்க வேண்டும்.

அடினலால் போன்ற, இருதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகள் நான்காம் வகை. மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி உள்ளவர், இருதயம் தளர்ந்தவர் முதலியோர்க்குத் தக்க ஒன்றை மருத்துவர் தேர்வார். வேறு நோயற்ற சாதாரண இரத்தக் கொதிப்புக்கு முதல் மருந்தாக இவை இன்று பெரும்பாலும் கொள்ளப்படுவதில்லை.

5. படிப்படியாக ஏறும் முறை

இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முனைப்பு என்னும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடி, எல்லா மருத்துவரும் செவிலியரும் ஒன்றுபோல் பின்பற்றத்தக்க எளிய படிமுறை. எண் இலக்கைத் தாண்டியிருந்தால் அடுத்த படி யாது என்பது அதில் முன்னதாகவே வரையறுக்கப்பட்டிருக்கும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பதற்கு அங்கு இடமில்லை.

அம்முறையில் நம் எடுத்துக்காட்டு மனிதரைப் பார்ப்போம். முதற் சந்திப்பில் அளவு முறையாக எடுக்கப்படுகிறது: 162/100. மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மறப்பதாகவும், முதுகுவலிக்கு வலி மாத்திரை விழுங்குவதாகவும் ஒப்புக்கொள்கிறார். வலி மாத்திரை நிறுத்தப்படுகிறது. இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும், சிறுநீரில் புரதமும், சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. அவை சரியாக இருப்பதைக் கண்டு, அம்லோடிபின் 5 மி.கிராமோடு டெல்மிசார்ட்டன் 40 மி.கி. சேர்க்கப்படுகிறது. இரண்டும் ஒரே மாத்திரையாகக் கிடைத்தால் மறதிக்கு இடம் குறையும்.

ஒரு மாதம் கழிகிறது. அளவு 148/92. இறங்கியிருக்கிறது, இலக்கை எட்டவில்லை. கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்கப்படுகின்றன, மாறுதலில்லை. இங்கு மருத்துவருக்கு இரண்டு வழிகள் உள்ளன: இருக்கும் மருந்துகளின் அளவை உயர்த்துவது, அல்லது குளோர்தாலிடோன் 12.5 மி.கிராமை மூன்றாவதாகச் சேர்ப்பது. கணுக்கால் சற்று வீங்கியிருப்பதால் அம்லோடிபினை உயர்த்தாமல் மூன்றாவதைச் சேர்க்கிறார். இரண்டாம் மாத முடிவில் அளவு 134/84. சோடியமும் பொட்டாசியமும் சரியாக உள்ளன. இனி மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். மூன்று மாதம் பேசிக் கழித்த காரியம், முறைப்படி நடந்தபோது இரண்டே மாதத்தில் முடிந்தது.

இவ்வளவுகள் எடுத்துக்காட்டு மட்டுமே. வயது முதிர்ந்து எழுந்து நின்றால் தலைசுற்றுவோர்க்கும், சிறுநீரகம் பழுதுபட்டோர்க்கும் அளவும் வேகமும் மாறும். இப்பக்கத்தைப் படித்துவிட்டு எவரும் தாமே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இதனைப் படித்தவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ஐயா, என் எண் இலக்கைத் தாண்டியுள்ளது; இன்று அடுத்த படி என்ன?"

6. மூன்றுக்கும் அடங்காதபோது

நீர்ப்போக்கி உள்ளிட்ட மூன்று வகைகளையும் தக்க அளவில் தவறாமல் உண்டும், முறையாக எடுத்த அளவு இலக்கைத் தாண்டுமாயின் அதனை மருந்துக்கு மசியாத அழுத்தம் என்பர். சிறுநீரகக் குழாய்ச் சுருக்கம், அட்ரினல் சுரப்பியின் மிகைச் சுரப்பு, உறக்கத்தில் மூச்சடைப்பு முதலிய மறைகாரணங்களை அப்போது தேட வேண்டும். வடசென்னையார்க்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதற்குரிய இடம். மறைகாரணம் கிட்டாதவிடத்து நான்காம் மருந்தாக எது சிறந்தது என்பதைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மருந்தே ஏனையவற்றை விஞ்சிற்று. அது பொட்டாசியத்தை ஏற்றுமாதலால், டெல்மிசார்ட்டனோடு சேரும்போது இரத்தச் சோதனை தவறலாகாது. சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்து விற்கும் மாற்று உப்பையும் இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

7. நினைவிற் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

டெல்மிசார்ட்டனும் நீர்ப்போக்கியும் உண்பவர் வலி மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் சிறுநீரகம் திடீரெனப் பழுதுறலாம். வாந்தி பேதி கண்டு உடல் வறண்டால், இம்மருந்துகளைத் தொடர்வதா, சில நாள் நிறுத்துவதா என்பதை அன்றே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கருவுற்றவர்க்கு அழுத்தம் ஏறினால் சிகிச்சை வேறு, மருந்தும் வேறு. லபெட்டலால், நிபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை அவர்க்கு உரியன. இராயபுரத்தில் இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை இருப்பதை இப்பகுதிக் குடும்பங்கள் அறியும். காலம் தாழ்த்தாமல் மகப்பேறு மருத்துவரை அணுக வேண்டும்.

அளவு 180/120ஐத் தாண்டி, அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108க்கு அழைத்து உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். கைகால் தளர்ச்சியும் பேச்சுக் குழறலும் திடீரெனக் கண்டால் எண்ணைப் பார்ப்பதற்கும் காத்திராதீர். அறிகுறி ஏதுமின்றி எண் மட்டும் ஏறியிருந்தால் பதற வேண்டாம். ஓய்வாக அமர்ந்து மறுபடி அளந்து, அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரைக் காண்க. நாக்கின் அடியில் மாத்திரை வைத்து அழுத்தத்தைத் திடீரென இறக்குவது ஆபத்தானது.

8. சங்கம் செய்யக்கூடியது

5.8.2021 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் 2024இல் அதற்குக் கிடைத்தது. 24.2.2025 அன்று தொடங்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்று நடத்த முன்வந்தன. மருந்து எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. எஞ்சியிருப்பது ஒழுங்கு, ஒழுங்கைக் கற்பிப்பதில் சங்கத்துக்கு நெடிய பழக்கம் உண்டு.

தரம் சோதிக்கப்பட்ட, மேற்கையில் பட்டை சுற்றி அளக்கும் தானியங்கிக் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கலாம். சிறியதும் பெரியதுமான இரண்டு பட்டைகள் அதனோடு இருக்கட்டும். தவணைப் புத்தகத்தைப் போன்று ஒவ்வொரு அங்கத்தினரும் அழுத்தக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளலாம். தேதி, எண், மருந்தின் பெயர், அளவு, தவறிய நாள், இரத்தச் சோதனை ஆகிய ஆறு பத்திகள் போதும். வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு மருத்துவரைக் காண நேர்ந்தாலும், அக்குறிப்பேடு முன் நடந்ததைச் சொல்லும்; அடுத்த படியை முடிவு செய்ய அவருக்குத் துணை நிற்கும்.

இதில் ஒரு கட்டுப்பாடு தவறாமல் காக்கப்பட வேண்டும். குறிப்பேடு அங்கத்தினரின் சொந்த உடைமை. அதிலுள்ள எண்ணைக் கூட்டத்தில் படிக்கலாகாது. கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது அதனைப் பார்க்கவோ கேட்கவோ கூடாது. நோயுள்ளவர் எனத் தெரிந்தால் கடன் மறுக்கப்படும் என்ற அச்சம் ஒரு தடவை எழுந்துவிட்டால், மறுநாளே கருவியின் முன் ஒருவரும் அமரமாட்டார்.

உழைக்கும் கை உழைத்துக்கொண்டிருக்கும்போதே அதனைக் காப்பது மலிவு. விழுந்த கையைத் தூக்க எந்தச் சங்கத்தின் நிதியும் போதாது.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. அழுத்தம் அடங்கவில்லை எனக் கூறுமுன் சோதிக்க வேண்டிய ஐந்து செய்திகள் யாவை? அவற்றுள் நம் ஊரில் மிகுதியாகக் காணப்படுவது எது?

2. ஒரே மருந்தை இரட்டிப்பதைவிட வேறு வகை மருந்தைச் சேர்ப்பது ஏன் சிறந்தது? வரப்பு உவமையைக் கொண்டு விளக்குக.

3. மூன்று வகை மருந்துகளுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கவிளைவைக் கூறுக. அது தோன்றினால் செய்ய வேண்டுவது யாது?

4. இரவு வேலை பார்க்கும் அங்கத்தினர் மாத்திரைக்கு எவ்வேளையைத் தேர்ந்தெடுக்கலாம்?

5. குறிப்பேட்டு எண்களைச் சங்கம் கடன் விஷயத்தில் பயன்படுத்தலாகாது என்பதற்குரிய காரணத்தை விவாதிக்கவும்.